பல துறை, பல கம்பெனி, ஒரே வேலை: வேலை கைமாறும் இடத்தைப் பிடியுங்கள்

நாலைந்து துறைகளும் வெளியிலிருந்து இரண்டு மூன்று கம்பெனிகளும் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும், அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. உடனே செய்யத் தோன்றுவது என்ன? கட்டம் கட்டமாக ஒரு படம் போடுவது. மேலே ஒரு தலைவர், கீழே துறைத் தலைவர்கள், பக்கவாட்டில் புள்ளிக்கோட்டில் பார்ட்னர் கம்பெனிகள். படம் அழகாக இருக்கும், மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள், மூன்றாவது வாரம் "அதை நீங்க அனுப்புவீங்கன்னுதானே நாங்க காத்துக்கிட்டு இருந்தோம்" என்று ஒரு குரல் கேட்கும்.

பெரும்பாலும் அந்தக் கட்டங்களுக்கு உள்ளே சிக்கல் இருப்பதில்லை. கணக்குத் துறைக்குக் கணக்கு தெரியும், பார்ட்னர் கம்பெனி ஆட்களுக்கு அவர்கள் தொழில் தெரியும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை போகிறதே, அங்கேதான் நழுவுகிறது. இவர் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார், அவர் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறார், நடுவில் நான்கு நாள் யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது.

1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்துபோன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். விண்கலத்தைக் கட்டியது லாக்ஹீட் மார்ட்டின், வழிநடத்தியது நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி. சின்னச் சின்ன உந்துதல்களின் கணக்கை ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது, மறுதரப்பு அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது, இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். இதில் எல்லோரும் அலகுக் குழப்பத்தை மட்டும் பேசுவார்கள். நமக்கு உதவுவது வேறு இரண்டு விஷயங்கள். எந்த அலகில் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த ஆவணம் இருந்தது, வந்த கோப்பு அதன்படிதான் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அப்புறம், எண்கள் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தபோதும், பிரச்சினையைப் பதிவு செய்ய இருந்த முறையை விட்டுவிட்டு மின்னஞ்சலிலேயே பேசித் தீர்க்கப் பார்த்தார்கள் என்று விசாரணைக் குழு எழுதியது. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள்தான். கைமாறும் இடத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அந்த இடங்களைப் பற்றித்தான். யார் யாருக்குக் கீழே என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேலையின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்

பொதுவாக யோசிக்காமல் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, உங்கள் கம்பெனி ஏதோ ஒரு கருவி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பதை ஒரு சர்வீஸ் கம்பெனிக்கும் பொருள் அனுப்புவதை ஒரு கூரியர் கம்பெனிக்கும் கொடுத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் ஒருவர் "ஓடவில்லை" என்று போன் செய்கிறார். உங்கள் கஸ்டமர் கேர் புகாரைப் பதிகிறது, சர்வீஸ் கம்பெனிக்குத் தள்ளுகிறது, டெக்னீஷியன் போகிறார், ஒரு பாகம் வேண்டும் என்கிறார், உங்கள் ஸ்டோர்ஸ் எடுத்துக் கொடுக்கிறது, கூரியர் கொண்டுபோகிறது, டெக்னீஷியன் இரண்டாவது முறை போய் மாட்டுகிறார், கஸ்டமர் கேர் புகாரை மூடுகிறது, மாதக் கடைசியில் சர்வீஸ் கம்பெனி பில் அனுப்ப, கணக்குத் துறை சரிபார்த்துப் பணம் போடுகிறது. ஐந்து தரப்பு, ஏழெட்டு கைமாற்றம்.

ஏற்கெனவே முடிந்துபோன புகார்களில் ஐந்தாறை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நாளில் எந்த மணிக்கு யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். துறைத் தலைவர்களிடம் கேட்டால் நடைமுறை எப்படி இருக்க வேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள். வேலை செய்கிறவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் மெயிலையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துக்கொண்டே எழுதினால்தான் உண்மை வரும். "இதை முறைப்படி சிஸ்டத்துல போடணும், ஆனா போட்டா லேட் ஆகும், அதனால ஸ்டோர்ஸ்ல ஒருத்தருக்கு நேரா போன் பண்ணிடுவேன்" என்று யாராவது சொன்னால் அந்த வரியை அடிக்கோடிடுங்கள். அந்த ஒருவர் லீவில் போகும் வாரம் உங்கள் ஏற்பாடு மொத்தமும் படுத்துவிடும்.

எழுதிப் பார்த்ததும் ஒன்று தெரியவரும். வேலை நடந்த நேரம் கொஞ்சம், காத்துக்கிடந்த நேரம் நிறைய. டெக்னீஷியன் வேலை செய்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருக்கும், வாடிக்கையாளருக்கு ஆனது பதினோரு நாள். அந்த பதினோரு நாளில் எந்தக் கைமாற்றம் அதிகம் தின்றதோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யக் கிளம்பினால் ஒன்றும் நடக்காது.

ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு சீட்டு

பெரிய ஆவணம் வேண்டாம். கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் அரைப் பக்கச் சீட்டு போதும். மேலே சொன்ன உதாரணத்தில் பாகம் கேட்கும் இடத்துக்கு அது இப்படி இருக்கலாம்:

என்ன கைமாறுகிறது: உதிரிபாகக் கோரிக்கை.
கொடுப்பவர்: சர்வீஸ் கம்பெனியின் மேற்பார்வையாளர், பெயரும் எண்ணும். அவர் இல்லாதபோது யார் என்பதும்.
வாங்குபவர்: ஸ்டோர்ஸில் இன்னார். அவர் இல்லாதபோது இன்னார்.
எப்படி இருந்தால் முழுமை: கருவியின் சீரியல் எண், பாகத்தின் எண், பழுதின் போட்டோ, அனுப்ப வேண்டிய முகவரி. நான்கில் ஒன்று குறைந்தாலும் கோரிக்கை வரவில்லை என்றே கணக்கு.
நேரம்: பகல் 3 மணிக்குள் வந்தால் அன்றே கூரியரில் ஏறும், அதற்குப் பிறகு என்றால் மறு வேலை நாள்.
வாங்கியதற்கு அடையாளம்: ஸ்டோர்ஸ் ஒரு எண் கொடுக்க வேண்டும். எண் வரும்வரை அது கொடுத்தவர் பொறுப்பு, வந்தபின் வாங்கியவர் பொறுப்பு.
குறை இருந்தால்: 2 மணி நேரத்துக்குள் காரணத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும், வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

இதில் முக்கியமான வரி எது என்று கேட்டால், அந்த எண் கொடுக்கும் வரிதான். பொறுப்பு எந்த நொடியில் மாறுகிறது என்பது அதில்தான் இருக்கிறது. "மெயில் அனுப்பிட்டேன்" என்பது கொடுத்ததற்கு அடையாளம் ஆகாது. வாங்கியவர் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். பதினைந்து பேருக்கு சிசி போட்டு அனுப்பிய மெயில் யாருக்குமே அனுப்பாத மெயில்தான், ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

பெயர் எழுதும் இடத்தில் "ஸ்டோர்ஸ் டீம்", "ஆபரேஷன்ஸ்" என்றெல்லாம் எழுத விடாதீர்கள். மனிதரின் பெயர் வேண்டும். பார்ட்னர் கம்பெனிகள் இதற்குச் சற்று முரண்டு பிடிக்கும், ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பொது மெயில் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். பொது முகவரியும் இருக்கட்டும், ஆனால் அந்தப் பெட்டியை இன்றைக்குத் திறந்து பார்க்கிறவர் யார் என்பது தெரிய வேண்டும். ஆள் மாறினால் மாறுகிற அன்றைக்குச் சீட்டில் பெயரை மாற்றுவது அவர்கள் வேலை.

முழுமை என்ற வரியை வாங்குகிறவர்தான் எழுத வேண்டும், கொடுக்கிறவர் அல்ல. தனக்கு என்ன இருந்தால் மறுபடி கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்க முடியும் என்பது வாங்குகிறவருக்குத்தான் தெரியும். எழுதிய பிறகு கொடுக்கிறவரிடம் காட்டி, இதில் எது அவருக்குக் கஷ்டம் என்று கேளுங்கள். "போட்டோ எடுக்கலாம், ஆனா நெட்வொர்க் இல்லாத இடத்துல அப்லோட் ஆகாது" என்பது போன்ற விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

தேதி, அலகு, நாணயம் இவற்றைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. வருடம், மாதம், நாள் என்று 2025-04-03 போல எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையை எல்லாச் சீட்டுக்கும் வைத்துவிட்டால் அந்தச் சண்டை அதோடு முடிந்தது. விலை வரிக்கு முந்தியதா பிந்தியதா, எடை பேக்கிங்கோடு சேர்த்தா சேர்க்காமலா, "வேலை நாள்" என்றால் யார் காலண்டர்படி என்று இப்படி நாலைந்து இருக்கும், உட்கார்ந்து ஒருமுறை எழுதிவிடுங்கள்.

சிலர் இந்த இடத்தில் ஆர்ஏசிஐ அட்டவணையைக் கொண்டுவருவார்கள். செய்கிறவர், பதில் சொல்ல வேண்டியவர், ஆலோசனை கேட்க வேண்டியவர், தகவல் சொல்ல வேண்டியவர் என்று நான்கு வகை. கெட்ட கருவி இல்லை, ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவர்தான் என்ற விதி அதில் மிக நல்ல விதி. ஆனால் நடப்பில் என்ன ஆகிறது என்றால், யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது என்று ஆலோசனைப் பத்தியில் பாதிக் கம்பெனியை எழுதிவிடுகிறார்கள், அப்புறம் ஒரு முடிவெடுக்க ஒன்பது பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எழுபது வரி அட்டவணையைப் போட்டுத் திரும்பிப் பார்க்காமல் விடுவதைவிட எட்டு கைமாற்றச் சீட்டு எவ்வளவோ மேல்.

யாரை எதை வைத்து அளக்கிறார்கள்

இதைப் பார்க்காமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். ஒரு துறையோ கம்பெனியோ ஒத்துழைக்கவில்லை என்றால் "அவங்க மனோபாவமே சரியில்லை" என்று முடிவு கட்டுவது சுலபம். பெரும்பாலும் மனோபாவம் காரணமில்லை. அவர்களை எதை வைத்து அளக்கிறார்களோ அதற்கு ஏற்ப நடந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் உதாரணத்தையே பாருங்கள். சர்வீஸ் கம்பெனிக்கு ஒரு முறை போய்வந்தால் இவ்வளவு என்று பணம் தருகிறீர்கள். முதல் தடவையே பாகத்தோடு போய் முடித்துவிட அவர்களுக்கு என்ன அவசரம்? இரண்டு தடவை போனால் இரண்டு மடங்கு. ஸ்டோர்ஸை இருப்பு எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறது என்று அளக்கிறீர்கள், அதனால் அடிக்கடி பழுதாகும் பாகத்தைக்கூட கையில் வைத்திருக்காது. கஸ்டமர் கேரை ஒரு நாளில் எத்தனை புகார் மூடினார்கள் என்று அளக்கிறீர்கள், அதனால் டெக்னீஷியன் போய்ப் பார்த்துவிட்டார் என்றதுமே மூடிவிட்டு, வாடிக்கையாளர் மறுபடி கூப்பிட்டால் புதிய புகாராகத் திறக்கிறார்கள். கூரியர் கம்பெனியோ மொத்தமாகச் சேர்த்து அனுப்பினால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். நான்கு பேரும் அவரவர் கணக்கில் முதல் மார்க். வாடிக்கையாளருக்குப் பதினோரு நாள்.

அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு அளவை வையுங்கள். இங்கே அது, போன் வந்த நேரத்திலிருந்து கருவி மறுபடி ஓடும்வரை எவ்வளவு நாள் என்பது. வாராவாரம் அந்த ஒரு எண்ணை எல்லாத் தரப்பும் பார்க்கட்டும். அவரவர் தனி அளவுகளை அடியோடு எடுக்க முடியாது, அது உங்கள் கையிலும் இருக்காது. ஆனால் பொது அளவோடு நேருக்கு நேர் மோதுகிற ஒன்றிரண்டை மாற்றச் சொல்லி மேலே போய்க் கேட்க வேண்டியது உங்கள் வேலைதான். சர்வீஸ் கம்பெனிக்குப் போய்வந்த தடவைக்குப் பதிலாகத் தீர்ந்த புகாருக்குப் பணம், அதே கருவி அதே பழுதோடு 30 நாளுக்குள் மறுபடி வந்தால் அந்தத் தடவைக்குப் பணம் இல்லை என்று மாற்றினால் நடத்தை தானாக மாறும். இரண்டாவது பாதியை மறந்துவிடாதீர்கள். தீர்ந்த புகாருக்குப் பணம் என்று மட்டும் சொன்னால் தீராததையும் தீர்ந்தது என்று எழுதிவிடுவார்கள்.

இந்தப் பேச்சு ஒப்பந்தத்தில் கை வைக்கும் பேச்சு. கொள்முதல் துறையையும் சட்டத் துறையையும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு "இப்படி அளந்தால் நன்றாக இருக்குமே" என்று போய் நின்றால் இரண்டு பக்கமும் கையை விரிப்பார்கள்.

டீம் எவ்வளவு பெரிது

ஆட்கள் கூடக் கூடப் பேச்சுவழிகள் அதைவிட வேகமாகக் கூடும். 5 பேர் என்றால் இருவர் இருவராக 10 வழி, 12 பேர் என்றால் 66, 20 பேர் என்றால் 190. இருபது பேரை ஒரே குழுவில் போட்டுவிட்டு எல்லோரும் எல்லோரிடமும் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

தரப்புக்கு ஒருவர் என்று ஐந்தாறு பேரை மட்டும் மையக் குழுவாக வையுங்கள். அவர்களுக்குத் தங்கள் துறையில் அல்லது கம்பெனியில் அன்றாட முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். "கேட்டுச் சொல்றேன்" என்று மட்டுமே சொல்லக்கூடியவரை அனுப்பினால் அவர் ஒப்புக்குச் சப்பாணிதான். அவர் எவ்வளவு தொகை வரை, எவ்வளவு தாமதம் வரை தானே முடிவெடுக்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சீனியரைக் கேட்டு வாங்குவதும் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது, பெரிய ஆள் மீட்டிங்குக்கே வரமாட்டார், வந்தாலும் விவரம் தெரிந்திருக்காது. நடுமட்டத்தில், வேலையும் தெரிந்து மேலே போன் போட்டால் எடுப்பார்கள் என்ற நிலையில் இருப்பவர்தான் சரியான ஆள்.

அவருடைய நேரம் எவ்வளவு என்பதையும் பேசிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் இதற்கு என்றால் அந்த ஒரு நாள் வேலை அவருடைய பழைய பொறுப்பிலிருந்து குறைய வேண்டும். இல்லையென்றால் சொந்த மேனேஜர் சொல்வதைத்தான் முதலில் செய்வார், அதில் தப்பும் இல்லை. அப்ரைசல் எழுதுவது அவர்தானே.

மெல்வின் கான்வே 1968ல் எழுதிய ஒரு கருத்து மென்பொருள் உலகில் பிரபலம்: ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும் அதன் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே வந்து நிற்கும். மென்பொருளுக்கு மட்டும் இல்லை. வாடிக்கையாளரிடம் ஒரே விவரத்தை மூன்று தடவை கேட்கிறார்கள் என்றால், உள்ளே மூன்று தரப்பு ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை என்றுதான் அர்த்தம். ஃபார்மைத் திருத்துவதற்கு முன் அவர்களைப் பேச வையுங்கள்.

பார்ட்னர் கம்பெனி உங்கள் துறை இல்லை

உள்துறை ஆளிடம் வேலை வாங்குவது போலவே பார்ட்னர் ஆளிடமும் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். கொஞ்ச நாள் ஓடும். அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் நல்ல மனதோடு கேட்டதையெல்லாம் செய்துகொடுப்பார், ஒரு நாள் அவருடைய மேனேஜர் கணக்குப் பார்த்துவிட்டு "இதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இல்லையே" என்று கூடுதல் பில் அனுப்புவார், அந்த இளைஞர் நடுவில் மாட்டிக்கொள்வார். ஒப்பந்தத்துக்கு வெளியே எது கேட்டாலும் ஒரு வரி மாற்றக் கோரிக்கை எழுதுங்கள்: என்ன கூடுதல், எத்தனை நாள், காசு உண்டா இல்லையா. "காசு இல்லை, நட்புக்காக" என்றாலும் எழுதுங்கள், ஏனென்றால் அதைச் செய்ததே வெளியே தெரியாமல் போனால் அடுத்த தடவை நட்பும் இருக்காது.

வேலையை நேராக அவர்கள் ஆளுக்குக் கொடுக்காமல் அவர்கள் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கொடுங்கள். கேள்வி கேட்பதும் விளக்கம் சொல்வதும் யார் யாரோடு வேண்டுமானாலும் நேராக நடக்கட்டும், அதைத் தடுத்தால் எல்லாம் நத்தை வேகம்தான். பேச்சு நேராக, பொறுப்பு ஒருங்கிணைப்பாளர் வழியாக.

ரகசியம் பற்றி இரண்டு வார்த்தை. என்டிஏ, அதாவது ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்ற ஒப்பந்தம், கையெழுத்தாகிவிட்டது என்பதால் எதையும் காட்டலாம் என்று ஆகாது. அந்தப் பார்ட்னர் உங்கள் போட்டிக் கம்பெனிக்கும் வேலை செய்யக்கூடும், அது அவர்கள் தொழில். இரண்டு பார்ட்னர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் என்றால் இன்னும் கவனம்: ஒருவருடைய விலை மற்றவர் பார்க்கும் ஷீட்டில் இருக்கக் கூடாது, இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை, பல நாடுகளில் போட்டிச் சட்டப் பிரச்சினையும்கூட. வாடிக்கையாளர் விவரங்களில் எது யாருக்குத் தேவையோ அது மட்டும். கூரியருக்கு முகவரி வேண்டும், என்ன பழுது என்று தெரிய வேண்டியதில்லை.

மீட்டிங்கும் மெசேஜும்

வாரத்துக்கு ஒன்று, அரை மணி நேரம், மையக் குழு மட்டும். ஸ்டேட்டஸ் வாசிக்கக் கூடாது. அதை முந்தின நாளே பொது ஷீட்டில் போட்டுவிட வேண்டும், போடாதவருக்குப் பேச வாய்ப்பு கடைசியில். மீட்டிங்கில் எடுக்க வேண்டியது இரண்டே விஷயம்: இந்த வாரம் எந்தக் கைமாற்றம் தடுக்கி விழுந்தது, அடுத்த வாரம் எதில் மாற்றம் வருகிறது. எடுத்த முடிவை அந்த இடத்திலேயே, திரையில் எல்லோரும் பார்க்க, ஒரு வரியில் எழுதுங்கள். "2025-04-03: போட்டோ இல்லாத கோரிக்கையை ஏற்பதில்லை. முடிவெடுத்தவர்: ஸ்டோர்ஸ். மறுத்தவர்: சர்வீஸ், நெட்வொர்க் காரணம். மே 1ல் மறுபரிசீலனை." மறுத்தவரையும் காரணத்தையும் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் மூன்று மாதம் கழித்து அதே பேச்சு மறுபடி எழும்போது (கட்டாயம் எழும்) அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள் என்றால் மீட்டிங் நேரத்தில் ஒரு வம்பு இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வழக்கமான வித்தியாசம் ஒரு மணி நேரம் தப்பிப்போகும், இலையுதிர்காலத்தில் திரும்பவும் ஒரு வாரம் அதே கதை. அழைப்பை எந்த ஊர் நேரத்தில் போடுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரி மீட்டிங் எப்போதும் ஒரே தரப்புக்கே விழாதபடி மாற்றி மாற்றி வையுங்கள். பணம் கொடுக்கிற கம்பெனி என்பதற்காக வசதியான நேரம் எப்போதும் உங்களுக்கே என்று யாரும் எழுதிக்கொடுத்ததில்லை.

மெசேஜ் விஷயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாலே பாதி நிம்மதி. "ப்ளீஸ் லுக் இன்டு திஸ்" வகை மெசேஜைத் தடை செய்யுங்கள். அதற்குப் பதில் யார், என்ன, எப்போதுக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும்: "இந்தச் சீரியல் எண்ணுக்கு முகவரி இல்லை. இன்று 3 மணிக்குள் வேண்டும், இல்லையென்றால் பாகம் நாளைதான் கிளம்பும்." நாலு வார்த்தை அதிகம், மூன்று நாள் மிச்சம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லாக்கோ மைக்ரோசாஃப்ட் டீம்ஸோ, வெளிக் கம்பெனியோடு சேனலைப் பகிரும் வசதி இரண்டிலும் இருக்கிறது, எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரூப் வேண்டாம் என்று சொன்னாலும் ஆரம்பித்துவிடுவார்கள், சரி, அவசரத்துக்கு இருக்கட்டும், ஆனால் முடிவு ஷீட்டில் ஏறாதவரை அது முடிவு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஜெர்மனியில் இருந்தவர்கள் வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பையும் பிரான்ஸில் இருந்தவர்கள் புதிய பதிப்பையும் பயன்படுத்தினார்கள். ஒரு விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஒயர் ஓடுகிற வேலை அது. பொருத்தப் போனபோது ஒயர்கள் எட்டவில்லை, விமானம் கைக்கு வருவது சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அத்தனைக்கும் ஒரே கம்பெனிதான், இரண்டு நாட்டுக் கிளைகள்.

தகராறு வந்தால் சேர்ந்து மேலே போங்கள்

தகராறு வரும். வந்தால் யாரிடம் போவது என்பதை வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். இரண்டு தரப்பிலும் மூன்று படி போதும்: முதலில் ஒருங்கிணைப்பாளர்கள், அவர்களால் இரண்டு வேலை நாளில் தீர்க்க முடியவில்லை என்றால் அவர்களுடைய மேலாளர்கள், அவர்களாலும் இரண்டு நாளில் முடியவில்லை என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

இப்படி விஷயத்தை மேலே கொண்டுபோவதற்கு எஸ்கலேஷன் என்று பெயர், எஸ்கலேஷன் என்றாலே போட்டுக்கொடுப்பது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், நியாயம்தான், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் தன் மேலாளரிடம் தன் கதையைச் சொல்கிறார், மற்றவர் தன் மேலாளரிடம் தன் கதையை, பிறகு இரண்டு மேலாளர்கள் அரைகுறைத் தகவலோடு மோதிக்கொள்கிறார்கள். இதை உடைக்க ஒரு விதி போதும். தனியாக மேலே போகக் கூடாது. சிக்கலில் இருக்கும் இருவரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுத வேண்டும்: எதில் இருவரும் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை, என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு என்ன செலவு. அதே பக்கம் ஒரே நேரத்தில் இரண்டு மேலாளர்களுக்கும் போக வேண்டும். இப்படிச் சேர்ந்து எழுத உட்காரும்போதே பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் "எதில் ஒத்துப்போகிறோம்" என்ற வரியை எழுதும்போது எதிரில் இருப்பவர் அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்துவிடுகிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பாதுகாப்பு, மோசடி, வாடிக்கையாளர் விவரம் வெளியே கசிவது போன்றவற்றில் யாரையும் கேட்காமல் நேராக உச்சிக்கே போகலாம், போக வேண்டும். அதற்கான போன் எண் சீட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளோட்டம் விடுங்கள்

நிஜ வேலை தொடங்குவதற்கு முன் பொய்யான ஒரு புகாரை உள்ளே விட்டு, முதல் போனிலிருந்து பில் பணம் வரும்வரை ஓடவிடுங்கள். நிஜக் கூரியர், நிஜ ஸ்டோர்ஸ் பதிவு, நிஜ பில். பலர் பில் வரைக்கும் போக மாட்டார்கள், பாகம் போய்ச் சேர்ந்ததுமே கைதட்டி முடித்துவிடுவார்கள், அப்புறம் முதல் மாதப் பில்லில் கொள்முதல் ஆணை எண் இல்லை என்று கணக்குத் துறை திருப்பி அனுப்பும், சர்வீஸ் கம்பெனிக்கு இரண்டு மாதம் பணம் வராது. பணம் வராத பார்ட்னரிடம் நீங்கள் என்ன ஒருங்கிணைப்பு பேசினாலும் எடுபடாது.

வெள்ளோட்டத்தில் வேண்டுமென்றே ஒன்றிரண்டு கோளாறும் செய்து பாருங்கள். முகவரி இல்லாமல் ஒரு கோரிக்கை. ஸ்டோர்ஸில் அந்த இன்னார் லீவில் இருக்கும் நாளில் ஒரு கோரிக்கை. சீட்டில் எழுதியபடி திரும்பி வருகிறதா, அல்லது யாராவது நல்லெண்ணத்தில் அட்ஜஸ்ட் செய்துவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அட்ஜஸ்ட் செய்கிறவர்களைத் திட்டாதீர்கள், அவர்களால்தான் இதுவரை வண்டி ஓடியிருக்கிறது. எங்கே அட்ஜஸ்ட் செய்கிறார்களோ அங்கே சீட்டு தப்பாக இருக்கிறது, அதைத் திருத்துங்கள்.

பிரிவதற்கும் சீட்டு வேண்டும்

கம்பெனிகள் சேர்ந்து வேலை செய்வதற்கென்றே ஐஎஸ்ஓ 44001 என்று ஒரு தரநிலை 2017ல் வந்தது. அதில் உறவை எட்டுக் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், எட்டாவது கட்டம் வெளியேறுவது. அந்தத் தரநிலையை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை, சின்ன ஏற்பாட்டுக்கு அது ரொம்ப கனம். ஆனால் பிரிவை ஆரம்பத்திலேயே திட்டமிடச் சொல்வது மிகச் சரி. நல்ல உறவு இருக்கும்போது இதைப் பேசினால் பத்து நிமிடத்தில் முடியும், கசந்த பிறகு பேசினால் வக்கீல் வேண்டும்.

எழுத வேண்டியவை இவ்வளவுதான். பாதியில் நிற்கும் புகார்களை யார் முடிப்பது, அதற்குப் பணம் எப்படி. அவர்கள் கையில் இருக்கும் உங்கள் பாகங்கள் எத்தனை நாளில் திரும்ப வேண்டும். சேர்ந்து தயாரித்த பயிற்சிக் குறிப்புகள், பழுது பட்டியல்கள் யாருக்குச் சொந்தம், இருவரும் பயன்படுத்தலாமா. வாடிக்கையாளர் விவரங்களை அழித்ததற்கு எழுத்தில் உறுதி. அடுத்து வரும் கம்பெனிக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் உதவுவார்கள், அந்த நாட்களுக்கு என்ன கட்டணம்.

பார்ட்னர் ஆட்களுக்குக் கொடுத்த லாகின், சேனல், பகிர்ந்த கோப்பு எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரில் கொடுத்த தேதியும் முடியும் தேதியும். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் உங்களுக்குத் தெரியவராது, அவருடைய லாகின் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை அவர்கள் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பி, இன்னும் இருப்பவர்களை டிக் செய்யச் சொல்லுங்கள். டிக் இல்லாத பெயரை அன்றைக்கே மூடிவிடுங்கள், தவறுதலாக மூடியது என்றால் அரை மணி நேரத்தில் போன் வந்துவிடும்.